சுவாச மட்டம்

விளக்கு எரிகிறது என்று சொன்னால் அது பொய்யாகாது. எரியத்தானே செய்கிறது? கண்ணால் பார்க்கிறேன், வாயால் சொல்கிறேன். இதில் எந்தக் கட்டளை உடைகிறது? பத்தையும் விரல் மடக்கி எண்ணியாயிற்று. பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது ஒன்றுதான் கொஞ்சம் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஆனால் நான் சொல்வது மெய்ச்சாட்சி. மெய்யைச் சொல்லிவிட்டு வருகிறவளுக்கு ஏன் மத்தியானச் சோறு தொண்டையிலேயே நிற்க வேண்டும்?

அந்தோணிமேரி இப்படித் தனக்குள் வாதாடிக்கொண்டே கொட்டகைக்குள் மூன்று படி இறங்கி, மூங்கில் கழியின் கொக்கியில் அரிக்கேன் விளக்கை மாட்டினாள். கழியில் ஒரு சிவப்புக் கோடு. தரையிலிருந்து ஐந்தேகால் அடி. கழியை ஊன்றினால் சுடர் அந்தக் கோட்டுக்கு நேராக நிற்கும். நின்றது.

"எரிகிறது," என்று உரக்கச் சொன்னாள்.

'எரியுது' என்று சொல்லக் கூடாது. விதிமுறையில் அச்சிட்டிருப்பது 'எரிகிறது.'

வெளியே குழாய்த் திருகின் பக்கத்தில் நின்ற மேஸ்திரி அங்கமுத்து, "எரியுதுங்களா? சரிங்க, தொறக்கறேன்," என்று திருகை ஆறு சுற்றுச் சுற்றினார். களை எடுக்கிற மூன்று பெண்களும், சின்னாயி, பாப்பாயி, பொன்னாத்தாள், அந்தோணிமேரியின் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால், தரையோடு தரையாக இருந்த குழாய் வாய் பாம்பு போலச் சீறத் தொடங்கியது.

இது எட்டாவது மாதம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்று, தை.

அந்தக் கொட்டகை புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே ஒரு சுண்ணாம்புச் சூளையை ஒட்டி இருந்தது; சூளைப் புகைதான் குழாய் வழியாக உள்ளே வந்தது. ஊரார் அதைப் புகைக்கொட்டாய் என்றார்கள். அரசாங்கம் அதைக் 'கரியமில வாயுப் பயிர்ப் பெருக்க முன்னோடி நிலையம்' என்றது. பெயர்ப்பலகை கொட்டகையின் வாசலைவிட அகலமாகப் போய்விட்டதால், அதை மட்டும் தனியாகச் சாலையோரத்தில் இரண்டு கம்பம் நட்டுக் கட்டியிருந்தார்கள். சேலத்திலிருந்து நாமக்கல் போகிற பஸ்ஸில் இருப்பவர்கள் பலகையைப் பார்த்துவிட்டு, நிலையம் எங்கே என்று திரும்பித் திரும்பித் தேடுவார்கள்.

தலைமை அலுவலகம் சேலத்தில், அஸ்தம்பட்டியில் இருந்தது. அதற்குப் பதினான்கு ஜன்னல்கள், ஒன்பது மின்விசிறிகள். காற்றைப் பற்றி முடிவெடுக்கிற அலுவலகம் ஆகையால் அங்கே காற்றோட்டத்தில் குறை வைக்கவில்லை.

ஸ்பெஷல் ஆபீஸர் காளியண்ணன் மூன்று வாரப் பயிற்சிக்காக வெளிநாடு போய் வந்தவர். அங்கே கண்ணாடி வீட்டுக்குள் கரியமில வாயுவை அடைத்துத் தக்காளி வளர்ப்பதைக் கண்ணாரக் கண்டார். வாயு திறந்திருக்கும்போது அந்த வீட்டுக்குள் ஓர் ஆளும் வேலை செய்யக் கூடாது என்பதும் அதே பயிற்சியில் ஒரு பாடம்தான். அந்தப் பாடம் நடந்த பிற்பகல் அவர் வீட்டாருக்கு ஸ்வெட்டர் வாங்கப் போயிருந்தார்.

திறப்பு விழாவில் அவர் பேசினார்.

"செடி எதைத் தின்னுட்டு வளருதுங்க? மண்ணையா? இல்லைங்க. காத்துல இருக்கற கரியமில வாயுவைத் தின்னுட்டு வளருது. ஆனா காத்துல அது எவ்வளவு இருக்குது? பத்தாயிரத்துல மூணே பங்கு! பத்தாயிரம் எலை போட்ட பந்தியில மூணு எலைக்குச் சோறு வெச்சா நம்ம ஊர்ல சும்மா உடுவாங்களா? இத்தனை நாளும் செடி சும்மா உட்டுச்சு. இனி உடாது!"

கை தட்டினார்கள். அங்கமுத்து மட்டும் பின்வரிசையிலிருந்து எழுந்தார்.

"ஏனுங்க, அந்தச் சோத்த மனுசன் திங்கலாமுங்களா?"

"அது செடிக்கு, மேஸ்திரி. மனுஷன் அதை வேண்டாம்னு மூச்சுல வெளிய விடறான்."

"வேண்டாம்னு வெளிய உட்டத மறுக்கா உள்ள இழுத்தா என்னாகுமுங்க?"

ஆபீஸர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நன்றியுரை தொடங்கிற்று.

அங்கமுத்து அதற்கு முன் கிணறு வெட்டிக்கொண்டிருந்தவர். ஆகவே அவரை நிலையத்தின் 'ஆழநிலை அனுபவஸ்தர்' என்று வைத்துக்கொண்டார்கள். கொட்டகைக்குள் வெயில் தாங்கவில்லை என்று தரையை மூன்றடி பள்ளமாக வெட்டச் சொன்னபோது, அவர்தான் விளக்கு விஷயத்தை எடுத்தார்.

"பழங்கெணத்துல எறங்கறதுக்கு முன்னால வெளக்கக் கவுத்துல கட்டி உட்டுப் பாப்பமுங்க. அடி வரைக்கும் எரிஞ்சா எறங்குவோம். அணஞ்சா ஒருத்தனும் எறங்க மாட்டான். ஏற்கனவே எறங்கி நிக்கிறவனும் ஏறிருவான். ஆரும் ஆரையும் கூப்பட வேண்டீதில்லீங்க. வெளக்கு அணஞ்சுதுன்னா பேச்சே கெடையாது. கைவேலைய அப்படியே போட்டுட்டு ஏறீருவாங்க."

ஆபீஸருக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. நாட்டு மக்களின் அனுபவ அறிவை விஞ்ஞானத்தோடு இணைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை ஒன்று அப்போதுதான் வந்திருந்தது. இணைப்பதற்காக ஒரு குழு அமைந்தது. குழு நான்கு முறை கூடிப் பதினாறு பக்கத்தில் விளக்கு விதிமுறைகளை வகுத்தது. சங்கடம் ஒன்றே ஒன்றில்தான் வந்தது. விளக்கு எந்த உயரத்தில் இருக்க வேண்டும்?

"அடி வரைக்கும் எறக்கோணுமுங்க. கெட்ட காத்து கனமுங்க, அடியிலதான் தங்கும்," என்றார் அங்கமுத்து.

"வளர்ச்சித் திட்டத்துல எதையும் இறக்கிக் காட்டக் கூடாது மேஸ்திரி. மேலிடத்துல தப்பா எடுத்துக்குவாங்க," என்றார் ஆபீஸர். "விஞ்ஞானமா யோசிங்க. மனுஷன் எதால மூச்சு விடறான்? மூக்கால. அப்ப விளக்கு எங்க இருக்கணும்? மூக்கு மட்டத்துல."

யாருடைய மூக்கு என்று யாரும் கேட்கவில்லை. அந்த அறையில் மூக்குகள் பல இருந்தாலும் பதவி உள்ள மூக்கு ஒன்றுதான். ஆபீஸர் பூட்ஸோடு சுவரில் சாய்ந்து நின்றார். அங்கமுத்து பென்சிலால் கோடு கிழித்தார். ஐந்தேகால் அடி. அதற்குச் 'சுவாச மட்டம்' என்று பெயர் வைத்து, கழி செய்து, சிவப்பு வர்ணம் அடித்தார்கள். கொட்டகைக்குள் நாள் முழுக்க இருக்கப் போகிற மூக்குகள் தரையிலிருந்து ஒன்றரை அடியில் இருக்கும் என்பது குழுவில் எழவில்லை. அதை எழுப்பக்கூடிய மூக்குகளுக்கு அழைப்பு அனுப்பியிருக்கவில்லை.

விளக்கைப் பிடித்து உண்மையைச் சொல்ல, பத்தாவது தேறிய, நம்பத்தகுந்த ஒரு பெண் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. அந்தோணிமேரி போனாள்.

அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. சேலத்தில் அண்ணன் பாக்கியநாதன் வீட்டில் இருந்தாள். அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் அந்த வீட்டில் அந்தோணிமேரி ஒரு டம்ளரை எடுத்தால், எடுத்த இடத்தில் திருப்பி வைக்கிறாளா என்று யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த வேலையில் புதுச்சத்திரத்தில் ஓர் அறை கொடுத்தார்கள். ஓர் அடுப்பு, ஒரு சன்னல், ஒரு பூட்டு. முதல் நாள் அந்தப் பூட்டைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தாள். உலகத்தில் தனக்கென்று ஒரு சத்தம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. வேலை தற்காலிகம். நிரந்தரமாக்கும் உத்தரவு டைரக்டர் நேரில் வந்து பார்த்த பிறகு வரும் என்றார்கள். அதுவரை பூட்டும் தற்காலிகம்தான்.

பயிர் வளர்ந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. மரவள்ளியை அங்கே குச்சிக்கிழங்கு என்பார்கள்; அந்தச் செடி ஆள் உயரத்துக்குத் தழைத்தது. அவரைக்கொடி கூரையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. ஆபீஸர் வாரம் ஒரு முறை நாடா பிடித்து இலையை அளந்தார். கிழங்கு மண்ணுக்குள் இருப்பதால் பார்வையாளர் கண்ணில் படாது. ஆகவே இலையின் உயரமே விளைச்சல் என்று நிலையம் தீர்மானித்திருந்தது. பொன்னாத்தாள் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "எலி வாலாட்டம் இருக்குது சாமி! எலைய வெச்சுக்கிட்டு என்னத்த ஆக்கறது, தோரணமா கட்டறது?" என்றாள். பிடுங்கியதற்காக அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கடிதத்தை அந்தோணிமேரிதான் அவளுக்குப் படித்துக் காட்டினாள்.

அவரையில் புழு விழுந்தது. வெளியே ஓர் இலை தின்று வயிறு நிறைகிற புழு, உள்ளே மூன்று தின்றும் பசி அடங்காமல் நான்காவதைத் தேடிப் போயிற்று. இலையில் பச்சை இருந்தது, சத்து இல்லை. ஆபீஸர் மேலிடத்துக்கு எழுதினார்: 'நமது நிலையத்துப் பயிரின் சுவையைப் பூச்சியினங்களே நாடி வந்து மெய்ப்பித்துள்ளன.'

பிறகு பொன்னாத்தாளின் வெள்ளாடு ஒரு நாள் வாசல் திறந்திருந்தபோது உள்ளே நுழைந்து, குச்சிக்கிழங்கு இலையை ஆசை தீரத் தின்றது. வெளியே வந்து நான்கு காலும் நான்கு பக்கம் போக ஆடியது. பொழுது சாய்வதற்குள் செத்துப்போயிற்று. ஆடு அழைப்பில்லாமல் வந்தது என்று விசாரணை முடிவாயிற்று. அந்த இலையில் எப்போதும் கொஞ்சம் விஷம் உண்டு, காயவைத்துத்தான் போட வேண்டும் என்று ஊருக்கே தெரியும். அந்த விஷம் இந்தக் கொட்டகைக்குள் கூடியிருக்கிறதா என்று கேட்க வேண்டிய இடத்தில், ஆட்டுக்குப் படிப்பறிவு போதவில்லை என்பது போல அறிக்கை எழுதப்பட்டிருந்தது.

தலைவலி இரண்டாம் மாதமே வந்துவிட்டது.

"காலையில நல்லாத்தான் வாரேனுங்க," என்றாள் பாப்பாயி. "பத்து மணிக்கு மண்ட கனக்குது. பதினொண்ணுக்கு மூச்சு நாயாட்டம் எரைக்குது. பன்னெண்டுக்கு என்ற பேரு கேட்டாக்கூட ரோசன பண்ணித்தான் சொல்லோணும்."

"உன்ற பேரு எப்பவுமே அப்படித்தான். ஊட்டுக்காரன் கூப்புட்டாலே நாலு தடவைக்கு அப்பறந்தான் திரும்புவ," என்றாள் சின்னாயி. மூவரிலும் இளையவள் அவள். எதற்கும் சிரிப்பாள்.

அந்தோணிமேரி இதை எழுதி அனுப்பினாள். பதில் சுற்றறிக்கையாக வந்தது. 'சுவாச மட்டத்தில் விளக்கு எரிவதால் காற்றில் குறையில்லை. தொழிலாளர்கள் சுவாச மட்டத்துக்குக் கீழே சுவாசிப்பதே தலைவலிக்குக் காரணம். இனி எவரும் குனிந்தோ உட்கார்ந்தோ களை எடுக்கலாகாது.'

"அப்ப களை எந்திரிச்சு நிக்குமுங்களா?" என்று கேட்டாள் சின்னாயி.

நின்றுகொண்டே களை எடுக்க நீளக் காம்பு வைத்த களைக்கொத்து வரும் என்றார்கள். வரவில்லை. 'உட்காராதே' என்று ஒரு பலகை வந்தது. அதை மாட்டுகிற ஆணியும் வரவில்லை. பலகையைத் தரையில் சாத்தி வைத்தார்கள். பாப்பாயி அதன் மேல் உட்கார்ந்து களை எடுத்தாள். ஈரம் படவில்லை என்றாள்.

ஐந்தாம் மாதம், ஆலோசனைக் குழுக் கூட்டத்தைக் கொட்டகைக்குள்ளேயே நடத்துவது என்று ஆபீஸர் முடிவு செய்தார். பயிரின் மடியில் கூட்டம் என்று பத்திரிகைக்கும் சொல்லி அனுப்பினார். பள்ளத்தில் பதினோரு நாற்காலிகள் போட்டார்கள். விருந்தினருக்கு மரியாதையாக அங்கமுத்துவைத் திருகை இன்னொரு சுற்றுத் திறக்கச் சொன்னார்கள். அந்தோணிமேரி மூலையில் கழியோடு நின்றாள்.

முதல் தீர்மானத்துக்கு விவாதம் இருந்தது. இரண்டாவதற்குக் கொட்டாவி இருந்தது. ஐந்தாவதிலிருந்து தலைகள் ஒவ்வொன்றாக ஆமோதிப்பது போல ஆடத் தொடங்கின. எட்டாவதில் ஆடி முடித்து மார்பில் சாய்ந்தன. ஆபீஸர் ஒருவர் மட்டும் நின்றுகொண்டு வாசித்ததால் கண் திறந்திருந்தார். இருபத்திரண்டு தீர்மானங்களும் அரை மணியில் நிறைவேறின. குடிதண்ணீர்க் குழாயைக் கொட்டகைக்கு வெளியே வைப்பது என்று ஒன்று, உள்ளே வைப்பது என்று ஒன்று, இரண்டும் ஏகமனதாக. பத்தொன்பதாவது தீர்மானம், வாயுத் திருகை மூன்று சுற்றிலிருந்து ஆறு சுற்றாக உயர்த்துவது. அதற்கு ஓர் உறுப்பினர் குறட்டையால் வழிமொழிந்தார். 'எதிர்ப்பே இல்லாத, ஆழ்ந்த சிந்தனையோடு கூடிய கூட்டம்' என்று ஆபீஸர் எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் பதினோரு பேரும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்கள். காபிதான் காரணம் என்று கண்டுபிடித்து, காபி போட்டவரை மாற்றினார்கள்.

அன்றைக்குத்தான் அந்தோணிமேரி கணக்குப் போட்டுப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கே இப்படி. தரையில் உட்கார்கிறவர்களுக்கு?

மறுநாள் மத்தியானம் பெண்கள் சாப்பிட வெளியே போனபோது, அவள் அங்கமுத்துவைத் திருகை மூடச் சொல்லவில்லை. தனியாக உள்ளே போனாள். கழியிலிருந்து விளக்கைக் கழற்றி, கையை மெள்ளத் தாழ்த்தினாள். இடுப்புக்கு வந்ததும் சுடர் மஞ்சளித்தது. முழங்காலுக்கு வருவதற்குள் அணைந்துவிட்டது. திரும்ப ஏற்றித் திரும்பத் தாழ்த்தினாள். திரும்ப அணைந்தது. மூன்றாம் முறை அவள் தாழ்த்தவில்லை. விளக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டு, வெளியே போய்க் கை கழுவினாள். கை அழுக்காகவே இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு விதிமுறையில் இடமில்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். கேட்டால் சொல்லலாம், யாரும் கேட்கவில்லையே என்று சொல்லிக்கொண்டாள். அந்த மாதம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளிட்டு, "உண்மையைச் சொல்லிட்டு வரேன் சாமி, தினமும்," என்றாள். சாமியார், "அது பாவமில்லையே மகளே," என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னாள். சோறு இறங்கவில்லை.

பிறகு ஒரு நாள் சின்னாயி, களையைக் கூடையில் போட்டுக்கொண்டே அண்ணாந்து பார்த்துக் கேட்டேவிட்டாள்.

"வெளக்கம்மா, எப்பப் பாத்தாலும் அது ஆகாசத்துலயே எரியுதே. ஒருக்கா இப்பிடிக் கீழ வெச்சுப் பாத்தீங்களா, எரியுமான்னு?"

"இல்ல சின்னாயி," என்றாள் அந்தோணிமேரி. "கீழ வெக்க விதி இல்ல."

எட்டு மாதத்தில் அவள் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அந்தத் தை மாதக் காலையில், 'எரிகிறது' என்று சொல்லி ஒரு மணி நேரம் கழித்து, சின்னாயி விழுந்தாள். சத்தம் போடாமல், களைச்செடி போலப் பக்கவாட்டில் சாய்ந்தாள். பாப்பாயிக்கு முதலில் புரியவில்லை. "ஏ, தூங்காத புள்ள," என்று தோளைத் தட்டினாள். அங்கமுத்துதான் ஓடி வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அவளைத் தூக்கி வேப்பமரத்தடியில் போட்டார். உதடு நீலமாக இருந்தது. வெகுநேரம் கழித்துக் கண் திறந்து, "பொழுது உடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள். பொன்னாத்தாள் அழுதாள். அந்தோணிமேரி அழவில்லை. அவள் கையில் கழி இருந்தது. அதைக் கீழே போடலாம் என்று தோன்றவே இல்லை.

விசாரணைக்கு ஆபீஸர் வந்தார். மேசை போட்டு உட்கார்ந்தார்.

"விழறதுக்கு முன்னால விளக்கு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது," என்றாள் அந்தோணிமேரி.

"விழுந்தப்ப?"

"எரிஞ்சுது."

"அப்படீன்னா அவ விழுந்திருக்க முடியாது."

"ஏனுங்க, நாந்தான தூக்குனேன்," என்றார் அங்கமுத்து.

"நீங்க தூக்கினீங்க மேஸ்திரி, அதை நான் மறுக்கலை. ஆனா அவ விழலை." அவர் எழுதினார். 'மேற்படியாள் விதிக்கு மாறாகத் தரையில் முழுமையாக அமர்ந்தார்.' பிறகு குரலைத் தாழ்த்தினார். "வர்ற வெள்ளிக்கிழமை டைரக்டர் வர்றாரு. அந்தப் பொண்ணு கண்டிப்பா உள்ள உட்கார்ந்து வேலை செய்யணும். இல்லேன்னா ஊர்ல கண்டபடி பேசுவாங்க. ஆரோக்கியமா இருக்காங்கிறதை டைரக்டர் கண்ணால பார்க்கட்டும்."

வெள்ளிக்கிழமை வருவதற்குள் நிலையத்துக்கு ஒரு பெரிய ஆபத்து வந்தது. டைரக்டர் உயரம் குறைவானவர் என்ற செய்தி சென்னையிலிருந்து தனிப்பட்ட முறையில் கிடைத்தது. நின்றால் அவர் மூக்கு நான்கரை அடியில் இருக்குமாம். அஸ்தம்பட்டியில் ஒன்பது மின்விசிறியும் சுழல அவசரக் கூட்டம் கூடிற்று. அந்தோணிமேரியையும் கழியோடு வரச் சொன்னார்கள்.

"டைரக்டர் ஐயாவோட மூக்கு சுவாச மட்டத்துக்குக் கீழ இருக்குதுன்னு நாம எப்படிச் சொல்றது?" என்று ஒருவர் நடுங்கினார்.

"கோட்டைக் கீழ இறக்கிடலாமே?"

"இறக்கினா, இத்தனை நாள் இருந்த மட்டம் தப்புன்னு ஆயிடும். அதோட, என் மூக்கு அவர் மூக்குக்கு மேல இருக்கறதா ஃபைல்ல ஏறிடும்," என்றார் ஆபீஸர். "அது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய குற்றம்."

மூன்று மணி நேரம் பேசினார்கள். முடிவில், டைரக்டர் நிற்பதற்கு ஒன்பது அங்குல உயரத்தில் ஒரு மரப்பலகை செய்து, சிவப்புக் கம்பளம் தைத்து, அதில் அவரை ஏற்றிவிடுவது என்று தீர்மானம் ஆயிற்று. இரண்டே நாளில் பலகை வந்து சேர்ந்தது. ஆணிகூடக் குறையவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் கழியை மடியில் சாய்த்துக்கொண்டு அந்தோணிமேரி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு மூக்குக்காக இவ்வளவு செய்ய முடியும். ஒரு மூக்குக்காகத் தரையையே ஒன்பது அங்குலம் தூக்க முடியும். இது இவர்களுக்குத் தெரியாத வித்தை இல்லை. இத்தனை நாளும் இவர்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டுதான் நான் சும்மா இருந்தேன். அப்படித்தானா? இல்லை. எனக்குத் தெரியும் என்பது இவர்களுக்குத் தெரியாது என்றுதான் சும்மா இருந்தேன். மூங்கில் கழிக்கும் ஒரு டிக்கெட் வாங்க வேண்டும் என்றார் கண்டக்டர். அவள் காதில் விழவில்லை.

வெள்ளிக்கிழமை வாழைமரம் கட்டினார்கள். இலை இன்னும் பச்சையாகத் தெரியட்டும் என்று விடிந்ததிலிருந்தே திருகு எட்டுச் சுற்றுத் திறந்திருந்தது. டைரக்டர் வருவதற்குச் சற்று முன்புதான் பெண்களை உள்ளே இறக்கினார்கள். புதுச் சேலை கொடுத்திருந்தார்கள். சின்னாயி சேலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பொணத்துக்குத்தான் இப்படிக் கோடி போடுவாங்க," என்று சிரித்தாள். பாப்பாயி, "வாய மூடு புள்ள," என்றாள்.

டைரக்டர் வந்தார். பலகை மீது ஏறினார். மூக்கு கோட்டுக்கு நேராக நின்றது. ஆபீஸர் மூச்சு விட்டார், பிறகு பேசினார்.

"ஐயா அவர்களே! சூளைப் புகையை வானத்துல விட்டு வீணாக்கிக்கிட்டிருந்தோம். இப்ப அதை இந்தப் பயிருக்குத் திருப்பியிருக்கோம். உலகம் பூரா தொழிற்சாலை வருது, மோட்டார் வருது, அத்தனையும் புகை விடுது. சில பேரு பயப்படறாங்க. நான் சொல்றேன், விடட்டும்! ஒரு நாள் இந்த உலகமே ஒரு பெரிய கொட்டகை ஆயிடும். அன்னிக்கு வெளிய நிக்கறவங்கன்னு யாருமே இருக்க மாட்டாங்க. எல்லாரும் உள்ளதான் இருப்போம். எல்லாருக்கும் சமமாக் கிடைக்கும். அதுக்குப் பேருதான் ஐயா சமதர்மம்! அதுவரைக்கும் முன்னோடியா இந்த மூணு பெண்கள் உள்ள இருக்காங்க. எத்தனை சுறுசுறுப்பா இருக்காங்க, பாருங்க."

பொன்னாத்தாளின் தலை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. டைரக்டர் அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டு பதில் வணக்கம் வைத்தார்.

"இப்ப விளக்கு," என்றார் ஆபீஸர்.

அந்தோணிமேரி கழியை ஊன்றினாள். சுடர் கோட்டில் நின்றது. டைரக்டர் பார்த்தார், ஆபீஸர் பார்த்தார், போட்டோக்காரர் குனிந்து கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். எல்லோரும் அவள் வாயிலிருந்து வர வேண்டிய ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்கள்.

காலடியில் சின்னாயியின் கை தெரிந்தது. களைக்கொத்தை மண்ணில் ஊன்றி அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

அந்தோணிமேரி விளக்கைக் கொக்கியிலிருந்து கழற்றினாள். கழியைச் சுவரில் சாத்தினாள். முழங்காலை மடக்கிக் குத்துக்காலிட்டுச் சின்னாயியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். எட்டு மாதத்தில் அந்தத் தரையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உட்காரும்போதே சுடர் மஞ்சளித்தது, நீலமாயிற்று, திரியின் மேல் ஒரு பூச்சி போலத் துடித்தது. தரையில் வைத்தபோது அணைந்துவிட்டது.

முதலில் பார்த்தவள் பொன்னாத்தாள். கையிலிருந்த கொத்தை அப்படியே போட்டாள். பாப்பாயி அணைந்த விளக்கைப் பார்த்தாள், பொன்னாத்தாளைப் பார்த்தாள், தன் கொத்தைப் போட்டாள். இருவரும் சின்னாயியை இரண்டு பக்கமும் தாங்கி எழுப்பினார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பேச்சே இல்லை. டைரக்டரின் பலகையைச் சுற்றிக்கொண்டு போய், மூன்று படியும் ஏறி, வெயிலுக்குள் போய்விட்டார்கள்.

"எங்க போறீங்க? போட்டோ எடுக்கலை இன்னும்!" என்று ஆபீஸர் கத்தினார். வாசலில் அங்கமுத்து திருகை மூடுகிற சத்தம் கேட்டது.

டைரக்டர் தன் மூக்குக்கு நேராக எதுவும் இல்லாததைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்த விளக்கு எந்தக் கம்பெனி?" என்று கேட்டார்.

"மாத்திடலாங்கய்யா, இன்னிக்கே மாத்திடலாம்." ஆபீஸர் குனிந்து, அந்தோணிமேரியின் பக்கம் முகத்தைக் கொண்டுவந்தார். குரல் மிகவும் மிருதுவாக இருந்தது. "எந்திரிங்கம்மா. பத்த வெச்சு மேல மாட்டுங்க. ஒரே ஒரு வார்த்தை. உங்க நிரந்தர உத்தரவு ஐயா பையில கையெழுத்தாகி இருக்குது. அந்த ரூம் உங்களுக்கே உங்களுக்குத்தான்."

அவள் எழுந்தாள். பூட்டின் சத்தம், திறக்கிற சத்தமும் மூடுகிற சத்தமும், எங்கோ தூரத்தில் கேட்டுப் போயிற்று.

"கீழ அணைஞ்சுதுங்க," என்றாள். "முன்னாலயும் அணைஞ்சுது. நான் பார்த்தேன்."

ஆபீஸர் அது காதில் விழாதவர் போல, சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, பாதி திறந்து, அவள் கைக்கு நேராக நீட்டினார். குனிந்தே நின்றதில் அவருக்கு ஒரு நீளக் கொட்டாவி வந்தது.

அந்தோணிமேரி தீப்பெட்டியைப் பார்த்தாள். வாங்கிக்கொள்ளவில்லை. விளக்கை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் படி ஏறினாள்.